எந்த ஆறு என்று கேட்கும் தீவு

மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் பேச வாய் இருந்த காலம் அது. அந்த வாயைப் பெரும்பாலும் சண்டைக்குத்தான் வைத்திருந்தன என்பது வேறு விஷயம். அப்போது கிழக்குக் கடலில் ஒரு மாபெரும் தீவு பெயரில்லாமல் கிடந்தது. ஒரு கரையில் இருந்தவர்கள் மறுகரையைப் பார்த்ததில்லை. தங்கள் ஆறு கடலில் விழும் இடத்தோடு உலகம் முடிந்தது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

மழைமேகத்துக்கு அந்நாளில் ஒரு வழக்கம் உண்டு. தூரக் கடலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வரும். நிலத்தின் பெயரைக் கேட்கும். பெயர் சொன்னால் பெய்யும். சொல்லாவிட்டால் தாண்டிப் போய்விடும். தீவுக்காரர்களுக்கு மலைச் சுனைகள் இருந்ததால் மேகத்தைப் பற்றிக் கவலையில்லை. ஒரு வருஷம் சுனைகள் வற்றின. அப்போதுதான் பெயரின் அருமை தெரிந்தது.

தீவின் வடகிழக்கே கினபத்தாங்கன் ஆற்றங்கரையில் கூட்டம் கூடியது. யானைத்தீவு என்று வைக்கலாம் என்றது யானை. இத்தனை பல் இருக்கும் தன் பெயரை விட்டுவிட்டு யானையின் பெயரா என்றது முதலை. அந்த ஆற்றில் படகு ஓட்டும் தயாங் என்ற பெண் எழுந்து நின்றாள்.

"உங்க ரெண்டு பேர் சண்டையில நாங்க நாக்கு வறண்டு சாகணுமா? எல்லாரும் ஒரே ஆத்துத் தண்ணியத்தான் குடிக்கிறோம். ஆத்துப் பேரையே சொல்லி அனுப்புங்க."

யாருக்கும் மறுக்க வழியில்லை. மேற்கே தொலைவில் தென்பட்ட மேகத்திடம் போய் 'கினபத்தாங்கன்' என்று சொல்லிவிட்டு வரும் வேலை, நெடுந்தூரம் பறக்கக்கூடிய ஆண் இருவாட்சிப் பறவையின் தலையில் விழுந்தது.

வேலைக்கு அவன் தயங்கவில்லை. வீட்டை நினைத்துத்தான் தயங்கினான். இருவாட்சிப் பெண் பறவை குஞ்சு பொரிக்க மரப்பொந்துக்குள் போனால் வாசலை மண் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவு கீற்று மட்டும் இருக்கும். கணவன் கொண்டுவரும் பழம்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் சோறு. அவன் மனைவி அப்படித்தான் உள்ளே இருந்தாள். அவர்களை வாழவைத்த அத்திமரமோ வாடிக்கொண்டிருந்தது.

கடைசிப் பழங்களைக் கீற்று வழியாகக் கொடுத்துவிட்டு அவன் விஷயத்தைச் சொன்னான்.

"போயிட்டு வாங்க," என்றாள் அவள். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும். நம்ம பேரைப் பளிச்சுனு சொல்லிட்டு உடனே திரும்புங்க. வழியில நின்னு ஊர்க்கதை பேசாதீங்க. குஞ்சு இன்னும் கண்ணே திறக்கல."

மேற்கே மலை மறித்ததால் அவன் தெற்கே சுற்றிப் பறந்தான். கடல் வந்துவிடும் என்று பார்த்தால் காடு வந்தது. காட்டுக்குப் பின்னால் இன்னொரு ஆறு வந்தது. அவனுக்குத் திகைப்பாகிவிட்டது. கீழே ஒரு சேற்றுக் குட்டையில் ஓங்கில் என்ற ஆற்று டால்பின் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது.

"இது எந்த ஆறு?" என்று கேட்டான்.

"மகாகம். ஆறா இருந்துச்சு. இப்போ பாத்துக்கோ."

அதற்குப் பிறகு பாரிட்டோ ஆறு வந்தது. அங்கே நீளமூக்குக் குரங்குகள் ஈரத்துக்காக வேர்களைச் சப்பிக்கொண்டிருந்தன. மேற்கே கப்புவாஸ் ஆறு. கரையில் ஒரு உராங்குட்டான் தாய், குட்டியின் வாயில் காய்ந்த இலையை மென்று வைத்துக்கொண்டிருந்தாள். எல்லா இடத்திலும் அவன் அதே கேள்வியைத்தான் கேட்டான். யாரும் அவனிடம் உதவி கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருப்பான். கேட்காததுதான் அவனை வதைத்தது.

மேற்குக் கடல்மேல் மேகம் கிளம்பும் அவசரத்தில் இருந்தது.

"பேர் சொல்லு. பல இடம் போகணும்."

"கப்புவாஸ்," என்றான் இருவாட்சி.

"சரி."

"பாரிட்டோ."

மேகம் கறுத்தது. "ஒரு நிலத்துக்கு ஒரு பேர்தான்."

"மகாகம்," என்றான் அவன். மேகம் இந்த நொடியில் கோபித்துக்கொண்டு போய்விட்டால் தன் குஞ்சு செத்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். தன் ஆற்றின் பெயர் இன்னும் வாய்க்குள்ளேயே இருந்தது. "கினபத்தாங்கன்," என்று கடைசியாகச் சொன்னான். "நான் பாக்காத ஆறும் இருக்குங்க. அதுக்கெல்லாம் பேர் தெரியல."

"இத்தனைக்கும் பெய்ய நான் எத்தனை தடவை தூரக் கடலுக்குப் போய் நிரப்பிட்டு வரணும் தெரியுமா?"

"ஏன் போகணும்? சுத்திப் பாத்துட்டுத்தான் வந்தேன். இந்தத் தீவைச் சுத்தியும் கடல். நீங்க மலையில பெய்ங்க. ஆறு கொண்டுபோய்க் கடல்ல விடும். அங்கேயே அள்ளிக்குங்க."

இத்தனை காலம் கால்தேய அலைந்தது ஏன் என்று மேகத்துக்கே விளங்கவில்லை. "தங்குறதுக்கு இடம் இருக்கா?" என்று கேட்டது.

"நடுவுல மலை இருக்கு. யாரும் வாடகை கேக்க மாட்டாங்க."

இருவாட்சி வந்த வழியே அடித்துப்பிடித்துத் திரும்பினான். கீற்றில் அலகு தெரிந்தது, அது ஆடவில்லை. அவன் பெயர் சொல்லிக் கூப்பிடப் பயந்து நின்றான். பிறகு உள்ளிருந்து சன்னமாகக் குரல் வந்தது.

"நம்ம பேரைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். நாலாவதா."

"ஏன்?"

"நம்ம பேரை முதல்ல சொல்லியிருந்தா, மத்த பேரைச் சொல்ல எனக்கு மனசு வந்திருக்காது."

"நல்ல ஆளுக்கு வாக்கப்பட்டேன் போங்க," என்றாள் அவள். சொல்லும்போதே கீற்றுக்குள் முதல் துளி தெறித்தது. குஞ்சு வாயைத் திறந்தது.

மேகம் பிறகு அந்த மலையைவிட்டுப் போகவே இல்லை. பிற்காலத்தில் வந்தவர்கள் அந்தத் தீவு முழுவதற்கும் போர்னியோ, கலிமந்தான் என்று பெயர்கள் சொன்னார்கள். தீவின் ஆற்றங்கரைக்காரர்கள் அதற்குத் தலையாட்டிவிட்டுத் தங்கள் வழக்கத்தை வைத்துக்கொண்டார்கள். அந்நியர் யாரைச் சந்தித்தாலும், "உங்களுக்கு எந்த ஆறு?" என்று முதலில் கேட்பார்கள்; பதில் வந்த பிறகே தங்கள் ஆற்றைச் சொல்வார்கள். மேகத்தின் முன்னால் ஒரு தகப்பன் தன் ஆற்றைக் கடைசியாகச் சொன்னானே, அந்த நாளில் தொடங்கியது அது.