எலுமிச்சையின் பாதி

“எட்டு நாளைக்குப் பாதி. அப்போ பதினாறு நாளைக்கு முழுசும் போயிரும். கணக்கு சரிதானே தம்பி?” என்றாள் ஜெசிந்தா.

இர்பான் அவள் அறை வாசலிலேயே நின்றான். தரையில் ஒரு மஞ்சள் பட்டை. அதைத் தாண்டி அவன் வருவதில்லை. அவன் கையிலிருந்த கதிர் அளக்கும் கருவி இடைவிடாமல் டிக் டிக் என்றது.

அவளைவிட எட்டு வயது இளையவன். ஆனாலும் அந்த ஆஸ்பத்திரியில் யார் யாரைவிட்டு எவ்வளவு தள்ளி நிற்பது என்பதை அவன்தான் சொல்வான்.

முந்தின நாள் அவள் தைராய்டு புற்றுக்காக ஒரு மாத்திரை விழுங்கியிருந்தாள். கதிர் வீசும் அயோடின். அது முதல் அவளும் கதிர் வீசிக்கொண்டிருந்தாள்; அது எட்டு நாளைக்கொரு முறை பாதியாகும்.

“பதினாறாம் நாள் என் பொண்ணு செரினாவுக்கு ரெண்டு வயசு. அன்னைக்குத் தூக்குறேன்னு அவ அப்பாகிட்ட சொல்லிட்டேன்.”

இர்பான் கூடாதென்று தலையாட்டினான்.

“கம்பளியைச் சுத்திக்கிட்டுத் தூக்கினா?”

“கதிர்ல மூணு வகைக்கா. ஒண்ணைக் காகிதமே நிறுத்திரும். அது உங்ககிட்ட இல்ல. இன்னொண்ணைத் தகரம் நிறுத்தும். அது உங்களுக்குள்ளயே நின்னு நோயைக் கொல்லுது. மூணாவது கம்பளிக்கெல்லாம் அடங்காது. சுவருக்கு அந்தப் பக்கமும் எட்டிப் பாக்கும்.”

“அதுக்கு என்ன மருந்து?”

“தூரம்.”

ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “பிள்ளை பெத்தவன்கிட்ட கேக்கணும். உன்கிட்ட கேட்டேன் பாரு.”

மேசைமேல் எலுமிச்சம்பழங்கள் இருந்தன. எச்சில் ஊறுவதற்காக அவளுக்குச் சப்பக் கொடுத்தவை.

“ஒண்ணை ரெண்டா வெட்டுங்கக்கா.”

வெட்டினாள்.

“ஒரு பாதியை வாயில வைங்க.”

வைத்தாள். கண் சுருங்கி, முகம் கோணிப் போயிற்று.

“மிச்சத்துல பாதி வெட்டி எடுத்துப் போடுங்க. அதுலயும் பாதி.”

வெட்டிக்கொண்டே போனாள். கடைசியில் கத்தி நுனியில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது.

“தீந்துச்சா?”

“எங்க தீருது? ஒவ்வொரு தடவையும் பாதி நிக்குதே.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கத்தி கையிலேயே இருந்தது.

“அப்போ பிள்ளையை நான் தூக்கவே முடியாதா?”

“அந்தத் துணுக்கை வாயில வைங்க.”

வைத்தாள்.

“புளிக்குதா?”

“புளிக்கத்தான் செய்யுது.”

“முகம் கோணலியேக்கா.”

கருவி காட்டிய எண்ணைக் குறித்துக்கொண்டு அவன் போய்விட்டான்.

மூன்றாம் நாள் அவளை அனுப்பினார்கள். வீட்டுக்குப் போகாமல் அக்கா வீட்டு மாடியில் தனியாக இருந்தாள்.

பதினாறாம் நாள் கதிரை அளந்துகொள்ள ஆஸ்பத்திரிக்கு வந்தவள், தானே போய் மஞ்சள் பட்டையில் நின்றாள். தாழ்வாரத்தின் மறுகோடியில் அவள் கணவன் ஆன்டனி. அவன் இடுப்பில், புதுக் கவுனில், செரினா. அவன் தோளில் ஜெசிந்தாவுக்காக வாங்கிய எலுமிச்சம்பழப் பை.

இர்பான் கருவியை நீட்டினான். விட்டு விட்டு டிக் என்றது.

“முகம் கோணுதா தம்பி?”

“லேசா. இன்னும் ஒரு வாரம்.”

“சரி.”

செரினா பைக்குள் கைவிட்டு ஒரு பழத்தை எடுத்தாள். தோலோடு கடித்தாள். கண் சுருங்கி, முகம் கோணிற்று.

இந்தக் கோடியில் ஜெசிந்தாவின் முகமும் கோணிற்று.