கொம்பையா மில்லில் மாவு குறையாது

எங்கள் ஊரில் வாய் என்று சொல்ல ரெண்டு வாய்தான் உண்டு. ஒன்று ஆறுமுகநயினாருடையது, அளக்கிற வாய். இன்னொன்று மாவு மில் கொம்பையா அண்ணாச்சியுடையது, ஏசுகிற வாய். மற்றவர்களுக்கு இருப்பதெல்லாம் சாப்பிடுவதற்கு. நான் சலூன் வைத்திருப்பவன், பெயர் உலகநாதன். எனக்கு இருப்பது ரெண்டு காது, இந்த ஊருக்கு அது போதாது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கொம்பையா அண்ணாச்சி மில்லிலிருந்து நேராக வந்து நாற்காலியில் சாய்ந்தார். வரும்போதே ஏச்சுதான். "போன வாரம் நீரு செஞ்சது சேவிங்கா, களை வெட்டா?" வாரமெல்லாம் மிளகாய் வற்றல் அரைத்து அவருக்குக் கண் எரியும். அதனால் முகத்துக்கு நுரை போட்டதும் கண்ணுக்கு மேல் ஈரத்துண்டைப் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டுவிட வேண்டும். கழுத்துக்குக் கீழே என் வெள்ளைத் துணி. ஆக, வெளியே தெரிந்தது ஒரு மூக்கும் ரெண்டு பாதமும்தான்.

அப்போதுதான் அந்த வெளியூர்க்காரர் உள்ளே வந்தார். புதுச் சட்டை, கையில் மஞ்சப்பை. பெஞ்சில் இஸ்திரிக்காரர் பிச்சையா பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தப் பக்கம் தென்னந்தோப்பு ஏதும் விலைக்கு வருமா அண்ணாச்சி?" என்றார். தோப்பு கேட்கிறவன் அடுத்து கிணற்றைக் கேட்க வேண்டும். இவர் கேட்டது, "மாவு மில்லு கொம்பையான்னு ஒருத்தரு இருக்காருல்லா, ஆளு எப்படி?"

எங்கள் பக்கத்து வழக்கம் இது. பெண் கொடுக்கும் முன்னால் மாப்பிள்ளை ஊருக்குச் சொல்லாமல் வந்து விசாரிப்பார்கள். டீக்கடை, சலூன், இஸ்திரி வண்டி, இந்த மூன்றும்தான் கோர்ட். வருகிறவர் தோப்பு வாங்க வந்த மாதிரி நடிப்பார். நாங்கள் நம்புகிற மாதிரி நடிப்போம்.

கொம்பையா அண்ணாச்சிக்கு ஒரே மகன், இசக்கிராஜ். லேத் பட்டறையில் வேலை, பொட்டுக் கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் தாயில்லாத வீடு. "அந்த வாய்க்கு முன்னால எங்க பிள்ளையத் தனியா விடமாட்டோம்" என்று ஏற்கெனவே ரெண்டு சம்பந்தம் இதே பெஞ்சிலிருந்து எழுந்து போயிருக்கிறது. பையனுக்கு முன்வழுக்கை ஆரம்பித்தாயிற்று. இப்போதைக்கு அது எனக்கும் என் கத்தரிக்கும் மட்டும் தெரியும். இந்த இடமும் தட்டிப்போனால் ஊருக்கே தெரிந்துவிடும்.

"தங்கமான மனுசன்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். துணிக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தது. சும்மா கிட என்று அர்த்தம். அண்ணாச்சிக்கு ஏசுவதற்கு வாய்கூட வேண்டாம்.

அதற்குள் ஆறுமுகநயினார் படியேறினார். காதில் விழுந்ததே கொம்பையா என்ற பெயர்தான். வந்தவர் யார், எதற்குக் கேட்கிறார், நாற்காலியில் யார், ஒன்றும் பார்க்கவில்லை. அளக்க இடம் கிடைத்தால் நயினார் தரையைப் பார்ப்பதில்லை.

"கொம்பையாவா? யாரைப் பத்திக் கேக்கீரு தெரியுமா?" என்று பெஞ்சில் நடுவாக உட்கார்ந்தார். "ஜில்லாவுலயே நம்பர் ஒன்னு சிடுமூஞ்சி எங்க ஊருல இருக்குன்னா அது எங்களுக்குப் பெருமைவே. காலையில எந்திரிச்சு அவரு ஒரு செருமல் செருமுனா, தெருவுல ஒரு சேவலும் கூவாது. இதுக்கு மேல நாம என்னத்தக் கூவன்னு மறுபடியும் படுத்துரும். எங்க ஊருச் சேவலெல்லாம் அதனாலதான் கொழுத்துக் கிடக்கு."

பிச்சையா, "எங்க வீட்டுச் சேவல் கூவுதே" என்றார்.

"உம்ம சேவலுக்குக் காது கேக்காது. குறுக்க பேசாதீரும்." நயினார் வெளியூர்க்காரர் பக்கம் திரும்பினார். "ஒருநா மில்லுல கரண்டு போச்சு. மனுசன் வெளிய வந்து போஸ்டு மரத்தைப் பாத்து ஒரே ஒரு கெட்ட வார்த்தைதான் சொன்னாரு. கரண்டு அடிச்சுப் பிடிச்சு ஓடியாந்துட்டு. வந்த பதட்டத்துல நம்ம ஊரோட நிக்கல பாத்துக்கிடும். மலையடிவாரத்துல ஒரு ஊரு, இன்னும் கம்பியே இழுக்கல. அங்கயும் பல்பு எரிஞ்சுது."

"கம்பியே இல்லாத ஊருல பல்பு எதுக்குவே மாட்டியிருந்தான்?"

"ஒரு நம்பிக்கைதான்" என்றார் நயினார். "தும்மலைக் கேளும். மிளகா அரைக்கும்போது எந்த மில்லுலயும் சனம் தும்மும். இவரு மில்லுல தும்மப்பிடாது. 'வெளிய போய்த் தும்முலே மூதி'ம்பாரு. பயந்து அடக்கிருவோம். அடக்குன தும்மல் எங்க போவும்? உள்ளயே சேந்துக்கிட்டே இருக்கும். திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போற அன்னைக்குத்தான் கடக்கரையில நின்னு மொத்தமா விடுவோம். போன மாசிக்கு எங்க சித்தப்பா ஒண்ணு விட்டாரு. கரையில காஞ்சுக்கிட்டுக் கிடந்த வள்ளம் நடுக்கடல்ல போய் நின்னுது. மீன்காரன் வந்து, அண்ணாச்சி அப்படியே திரும்பி நின்னு இன்னொன்னு விடுங்க, கரைக்குக் கொண்டாரணும்னு கையெடுத்துக் கும்பிட்டான்."

வெள்ளைத் துணி வயிற்றுப் பக்கம் லேசாகக் குலுங்கியது. அண்ணாச்சி சிரிக்கிறார் என்று நினைத்தேன். உடனே அப்படி நினைத்ததற்காகப் பயந்தேன்.

வெளியூர்க்காரர் முகம் சுண்டிப்போயிருந்தது. "அப்ப அந்த வீட்டுல ஒரு பொம்பளப் பிள்ளை வந்து இருக்கணும்னா என்ன பாடு படும்?" என்றவர், பையை எடுத்துக்கொண்டு குனிந்து காலால் செருப்பைத் தேடினார்.

நான் நயினாரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன், புருவத்தைக் காட்டினேன், கையிலிருந்த சவரக் கத்தியையும் காட்டினேன். கத்தியைப் பார்த்ததும்தான் மனுசனுக்கு மூளை வேலை செய்தது. வந்திருப்பது பெண் வீடு. வேறு யாராவதாக இருந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். நயினார் அதே நாக்கைத் திருப்பிப் போட்டார்.

"உக்காரும்வே. பாதிக் கதையில எந்திரிச்சா எப்படி? இது வெளித்தோல். உள்ளதை இனிமேத்தான் சொல்லப்போறேன்."

குனிந்தவர் என்ன நினைத்தாரோ, அப்படியே மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"வெளிய முள்ளு, உள்ள பலாச்சுளைன்னு சொல்லப்போறீரு, அதானே?" என்றார் பிச்சையா.

"ஒரு பழத்தோட நிக்க ஆளாவே அவரு? தோப்பு. பலாத்தோப்பு. ஒருநா மாவுல ஒரு எறும்பு விழுந்துட்டு. நாமன்னா ஊதி விடுவோம். இவரு அதை எடுத்து உள்ளங்கையில வச்சுக்கிட்டு ஏசுதாரு. 'உனக்கு வீடு வாசல் இல்லையா, பெத்தவ தேடமாட்டாளா'ன்னு ஒரே ஏச்சு. ஏசிக்கிட்டே சைக்கிளை எடுத்து, அதைக் கேரியர்ல உக்கார வச்சு, அது வீட்டுலயே கொண்டு விட்டுட்டு வந்தாரு."

"எறும்பு வீடு அவருக்கு எப்படித் தெரியும்?"

"விசாரிச்சாரு." நயினார் வெளியூர்க்காரரை ஒரு பார்வை பார்த்தார். "விசாரிக்காம யாரு இந்தக் காலத்துல எதைச் செய்யுதா? டீக்கடையில கேட்டாரு, சலூன்ல கேட்டாரு. நல்ல குடும்பத்து எறும்புன்னு எல்லாரும் சொன்னாங்க."

வெளியூர்க்காரர் இருமினார். பாதி முகம் வழித்திருந்தேன், சிரிப்பில் வெட்டிவிடக் கூடாதென்று கத்தியை எடுத்துவிட்டேன். ஆனால் இந்த முறை துணி குலுங்கவில்லை. அண்ணாச்சியின் கால் கட்டைவிரல் ரெண்டும் நெளிய ஆரம்பித்திருந்தன.

நயினாருக்கு இனி நிற்க முடியாது. எழுந்தே விட்டார். "எல்லாத்தையும் விடும். எந்த மில்லுல தானியம் போட்டாலும் அரைச்சு வரும்போது குறையும். கல்லுல ஒட்டும், காத்துல பறக்கும். கொம்பையா மில்லுல குறையாதுவே, கூடும். ஏன்னு கேளும். ஏச்சு. அவரு ஏசுத ஏச்சைக் கேட்டு மாவுக்கு ரோசம் வந்து பொங்குது. ஒரு அம்மா, புருசனைப் பறிகொடுத்தவ, ஒத்தைப் பிடி கேப்பையக் கொண்டாந்தா. அன்னைக்கு அவருக்கு நல்ல கோவம், தாறுமாறா ஏசிப்புட்டாரு. மாவு தூக்குவாளியில நிறைஞ்சு, வழிஞ்சு, தெருவுல ஓடி, வாய்க்கால்ல சாடி, குளத்துல போய் விழுந்துட்டு. மத்தியான வெயிலுக்குக் குளமே கூழாயிட்டு. ஊரு பூரா வெங்காயத்தைக் கையில எடுத்துக்கிட்டுக் கரையில போய் உக்காந்து குடிச்சோம். குளத்து மீனு குடிச்ச குடிக்கு, ஒரு மீனைத் தூக்க ரெண்டு கொக்கு வர வேண்டியதாப் போச்சு. ஒரு கொக்கு தலைப்பக்கம், ஒரு கொக்கு வால்பக்கம்."

நான் சிரித்தேன், வெளியூர்க்காரரும் சிரித்தார். பிச்சையா மட்டும் சிரிக்கவில்லை. எதையோ கணக்குப் போடுகிற முகத்தோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொக்கு புளுகு, குளம் புளுகு" என்றார் மெதுவாக. "ஆனா எங்க வீட்டு மாவு கூடத்தான் வருது. நான் கை ஒடிஞ்சு இஸ்திரிப் பொட்டியத் தூக்க முடியாமக் கிடந்தேம்லா, அப்ப இருந்து. என் வீட்டுக்காரி நான் பொய் சொல்லுதேன்னு சண்டை போட்டா. ரெண்டு கிலோ கோதுமைய எந்த மூதி இவ்வளவு மாவாக்கும்னு."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாவது பெண் பிறந்த வருசம் என் மனைவி இதையே சொன்னாள். மில்லுக்காரருக்குக் கண் தெரியவில்லை போலிருக்கிறது என்றாள். வாயைத் திறக்காதே, அது நம்ம அதிர்ஷ்டம் என்றேன் நான்.

வெளியூர்க்காரர் கேட்டார். "தூக்குவாளியில மாவைப் போடும்போது நீங்க பக்கத்துல நிப்பீங்களா?"

"நிக்க விட்டாத்தானே" என்றார் பிச்சையா. "'மூஞ்சியக் காட்டாத, வெளிய போய் நில்லு சவமே'ன்னு விரட்டிருவாரு. வாளிய மூடிக் கையில கொடுக்கும்போதுதான் உள்ள விடுவாரு."

அந்த விரட்டலைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஆளுக்கு ஒரு பிடி மாவு திருடத்தான் கொம்பையா எல்லாரையும் வெளியே தள்ளுகிறார் என்று. ஊர் அப்படிப் பேசிக்கொண்டே அந்தக் கூடுதல் மாவில் புட்டு அவித்துத் தின்றது.

"தராசு கோளாறு."

நாற்காலியிலிருந்து வந்தது அந்தக் குரல். துண்டு கீழே விழுந்தது. பாதி முகத்தில் நுரையும் பாதி முகத்தில் கோபமுமாக அண்ணாச்சி எழுந்து நின்றார். "பழைய தராசுவே. அந்தச் சவத்தைத் தூக்கிப் போடணும்னு நானும் நினைச்சுக்கிட்டே இருக்கேன். அதுக்கு ஊரைக் கூட்டி வச்சுப் பேசுதீயளோ?"

நயினார் திரும்பாமலே வாசல்வரை பின்பக்கமாக நடந்துபோனார். பின்னால் நடப்பதில் அவருக்கு அவ்வளவு வேகம் இருக்கும் என்று அன்றுதான் தெரியும்.

பிச்சையா எழவில்லை. "கோளாறு தராசுன்னா எல்லாருக்கும்லா கூடணும் அண்ணாச்சி? எனக்குக் கை ஒடிஞ்சதும், உலகநாதனுக்குப் பொண்ணு பிறந்ததும் தராசுக்கு யாரு போய்ச் சொன்னா?"

எங்கள் பிள்ளைகள் வயிற்றில் இருப்பது கொம்பையா அண்ணாச்சியின் கைமாவு. அவரோ திருடி அகப்பட்டவரைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூதி, சவம் என்று ஏதாவது சொல்லித் தொலைக்க மாட்டாரா என்று இருந்தது.

வெளியூர்க்காரர்தான் பேசினார். "என் பேரு சங்கரபாண்டி. தோப்பு வாங்க வரல."

"அது தெரியும்" என்றோம் எல்லாருமாக.

"நாற்காலியில நீங்கதான்னு எனக்கும் தெரியும். செருப்பைத் தேடிக் குனிஞ்சேம்லா, அப்ப உங்க காலைப் பாத்தேன். நகக்கண்ணு வரைக்கும் மாவு. அதான் உக்காந்துட்டேன். ஒரு மனுசனைப் பத்தி நாலு பேரு சொல்லுததைக் கேக்கதை விட, நாலு பேரு சொல்லும்போது அவரு எப்படிக் கிடக்காருன்னு பாக்கலாமேன்னு." துண்டை எடுத்து அண்ணாச்சி கையில் கொடுத்தார். "அம்புட்டுக் கேவலமாச் சொன்னாரு, அசையாமக் கிடந்தீங்க. நல்லதைச் சொன்னதும்தான் உங்களுக்குப் பொறுக்கல. என் பொண்ணை உங்க வீட்டுக்குத் தாரேன். ஒண்ணே ஒண்ணு. தினமும் அவளை ஏசணும். ஒருநா ஏசாம விட்டீங்கன்னு கேள்விப்பட்டேன், நானே வந்து கேப்பேன்."

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார், நுரை இல்லாத பக்கத்தையும் சேர்த்து.

"பொண்ணு கொடுக்க வந்தீரா, புராணம் படிக்க வந்தீரா?" என்றார் கடைசியில். "இந்நேரத்துக்கு உங்க ஊருக்கு பஸ்ஸு கிடையாது. வெயில்ல நின்னு கருவாடாப் போவீரு. வீட்டுல குழம்பு கிடக்கு, மகன் வச்சது, வாயில வைக்க வெளங்காது. வந்து தின்னுட்டுப் போம்."

சங்கரபாண்டி என்னைப் பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டினார். "ஆரம்பிச்சிட்டாருல்லா?"

வாசலில் நயினார் இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தார். சம்பந்தம் முடிவான கூத்தில் அவர் முகம் மட்டும் செத்துக் கிடந்தது. அவர் சொன்ன ஒன்று உண்மையாகிவிட்டது, இனி ஊரில் எப்படித் தலைகாட்டுவது என்ற கவலை என்றுதான் முதலில் நினைத்தேன். அது இல்லை.

"அண்ணாச்சி" என்றார், நிஜமாகவே மனம் நொந்த குரலில். "நானும்தான் கஷ்டப்பட்டேன். எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடந்தா, வேலையில்லாமக் கிடந்தேன். எங்க வீட்டு வாளியில மட்டும் ஒருநா கூட மாவு கூடலையே. அது ஏன்?"

கொம்பையா அண்ணாச்சி திரும்பி நாற்காலியில் சாய்ந்து, மிச்சப் பாதிக்கு நுரை போடச் சொல்லி எனக்குக் கையைக் காட்டினார்.

"உனக்கு எதுக்குலே நான் போடணும்? ரெண்டு கிலோவை வாங்கிட்டு வீட்டுக்குப் போறதுக்குள்ள நீயே அதை இருவது கிலோ ஆக்கிருவியே."