பூவின் மச்சங்கள்

ஏற்காட்டில் மதலைமேரி என்றொருத்தி கண்ணாடிக் கொட்டகையில் ஆர்க்கிட் வளர்த்துவந்தாள். ஒரு மழைக்காலத்தில், விதை முளைத்த போத்தலைத் திறந்து, வேரில் ஒட்டியிருந்த ஊட்டக் கூழைக் கழுவி, நகக்கண் அளவே இருந்த நாற்றுகளை ஒரே தொட்டியில் நெருக்கமாக நட்டாள். பூத்தால் செருப்பின் முனைபோல உதடு குழிந்திருக்கும் சாதி அது.

போத்தலுக்குள் இருந்தவரை சாவு என்றால் என்னவென்று அந்த நாற்றுகளுக்குத் தெரியாது. தொட்டிக்கு வந்ததும் தெரிந்தது. சில வேர் பிடிக்காமல் சுருண்டன. சிலவற்றை நத்தை தின்றது. ஓரத்தில் இருந்த நாற்றுக்குக் கடைசியில் ஒரு தங்கைதான் மிச்சம். குருத்தில் தண்ணீர் தேங்கி அதுவும் அழுகத் தொடங்கியது.

“இனி உனக்கு இடம் தாராளமா இருக்கும் அக்கா,” என்றது தங்கை. மறுநாள் மதலைமேரி அதைப் பிடுங்கி எறிந்தாள்.

அப்புறம் அந்த நாற்று தனியாகவே வளர்ந்தது. வருடத்துக்கு ஓரிரண்டு இலை விடுவதே பெரும்பாடு. பூத்தால் யாராவது தன்னைத் தேடி வருவார்கள் என்ற ஒரே நினைப்பில் காலம் தள்ளியது. மதலைமேரியின் தலை பாதி நரைத்த பிறகுதான் முதல் மொட்டு வந்தது.

பூ விரிந்தது. பச்சை இதழ்கள் நெடுகக் கறுப்பு மச்சங்கள். வயிற்றில் மஞ்சள் பட்டை போட்ட ஓர் ஈ, சூல் கனத்தோடு வந்து உட்கார்ந்தது. பூவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ஈ மச்சங்களுக்கு நடுவே முட்டையிட்டது. திரும்பும்போது கால் வழுக்கி உதட்டுக் குழிக்குள் விழுந்து, பின்பக்கத்துச் சந்து வழியாக முதுகெல்லாம் மகரந்தத்தோடு பிதுங்கி வெளியே வந்தது. ஆனாலும் அது கோபப்படவில்லை.

“பரவாயில்ல. இவ்வளவு அசுவினிப் பூச்சி மொய்ச்சிருக்கு. பொறக்கிற பிள்ளைங்க பட்டினி கிடக்காது,” என்றது.

“அசுவினியா? அதெல்லாம் என் மச்சம்,” என்றது பூ.

ஈ ஒரு மச்சத்தைக் காலால் தொட்டுப் பார்த்தது. அது அசையவில்லை. இன்னொன்றையும் தொட்டது.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“நீ என்னைத் தேடித்தான் வந்தேன்னு நினைச்சேன்.”

போட்ட முட்டையைத் திரும்ப எடுக்க ஈக்கு வழியில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றிவிட்டுப் போய்விட்டது.

மதியம் மதலைமேரி தன் கணவர் சவரிராஜைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“அந்த மச்சம்தான் அழகே,” என்றார்.

பூ தலையைத் தொங்கப் போட்டது. முகம் தெரியவில்லையே என்று மதலைமேரி ஒரு குச்சியை ஊன்றி, காம்பை நிமிர்த்திக் கட்டினாள்.