வச்சிட்டேன் மேடம்

அந்தச் சட்டக் கல்லூரி நூலகத்தில் குருவுக்கு வயது முப்பத்தாறு, சிஷ்யருக்கு ஐம்பத்திரண்டு. குரு, நூலகர் நஸீமா. சிஷ்யர் இருதயராஜ், வங்கி வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டுச் சட்டப் பேராசிரியர் ஒருவரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தவர். பேராசிரியர் ஒரு தாளில் ஐந்தாறு தீர்ப்புகளின் பெயரைக் கிறுக்கிக் கொடுப்பார். இவர் பேராசிரியரின் கார்டையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு ஓடி வருவார்.

முதல் மாதம் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்பினார். புத்தகம் இருக்கிறது என்று பட்டியல் சொல்லும். இல்லை என்று அலமாரி சொல்லும். நஸீமா எழுந்து போனால் ஐந்தே நிமிடத்தில் புத்தகத்தோடு வருவார்.

ஒருநாள் இருதயராஜ் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டார்.

“எனக்குக் கிடைக்காதது உங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைக்குது மேடம்?”

“நீங்க புத்தகத்தைத் தேடுறீங்க சார். நான் அதைக் கடைசியா எடுத்தவரைத் தேடுறேன்.”

“புரியலையே.”

“அவசரக்காரர்னா பக்கத்து இடுக்குல சொருகியிருப்பார். உயரமானவர்னா மேல்தட்டு. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வந்தவர்னா, ஜன்னலோரம் அவர் தூங்கின இடத்திலேயே கிடக்கும்.”

இருதயராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அவர் சிஷ்யர்.

அந்த நூலகத்தில் ஒரு கட்டளை உண்டு. படித்த புத்தகத்தை யாரும் அலமாரியில் திருப்பி வைக்கக் கூடாது, மேஜையிலேயே விட்டுவிட வேண்டும். நீதிபதியே வந்தாலும் அப்படித்தான். இடம் மாறிய புத்தகமும் தொலைந்த புத்தகமும் ஒன்றுதான் என்பார் நஸீமா. ஆனால் ஏழாவது மாதம் இருதயராஜிடம் மட்டும், “இனிமே நீங்களே வச்சிடுங்க சார்” என்றார். பட்டம் வாங்கிய அன்றுகூட அவருக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. வீட்டில் போய் இரண்டு தடவை சொன்னார்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரே பேச்சுதான்.

“வச்சிட்டேன் மேடம்.”

“சரி சார்.”

நஸீமா ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

பேராசிரியரின் நூல் கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது, பழைய சமஸ்தானத் தீர்ப்புகளின் பதினாலாம் தொகுதி தேவைப்பட்டது. கம்ப்யூட்டரில் ஏறாத தொகுதி, அந்த ஜில்லாவுக்கே ஒரே பிரதி. தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும் என்பதால் நகல் எடுக்கவும் விடமாட்டார்கள். உட்கார்ந்து கையால்தான் எழுத வேண்டும், நாலு நாள் வேலை. மறுநாள் வேறு யாராவது முந்திக்கொண்டு எடுத்துவிட்டால்? பேராசிரியர் வேறு போன் போட்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை இருதயராஜ் அதைக் கப்பல் சட்ட அலமாரியில், பின்வரிசையில் வைத்தார். கடலே இல்லாத ஊரில் கப்பல் சட்டத்தை யார் தொடப்போகிறார்கள்?

“வச்சிட்டேன் மேடம்.”

“சரி சார்.”

பொய் சொல்லவில்லையே, வைத்துவிட்டேன் என்றுதானே சொன்னேன் என்று வீடு போய்ச் சேரும்வரை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

புதன்கிழமை காலை அவர் வந்து உட்கார்ந்த கையோடு, வழக்கறிஞர் பூங்கோதை வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

“சமஸ்தானத் தீர்ப்பு, பதினாலாம் தொகுதி வேணும் மேடம். பன்னிரண்டு மணிக்கு என் கேஸைக் கூப்பிட்டுடுவாங்க.”

“என்ன கேஸ்?”

“பேச்சியம்மான்னு ஒருத்தங்க, இட்லிக்கடை வச்சிருக்காங்க. நாப்பது வருஷமா இருக்கிற வீட்டை இடிக்கப்போறாங்க. தடை உத்தரவு கேட்டிருக்கேன். சமஸ்தானம் கொடுத்த மனையில வீடு கட்டினவங்களைக் கிளப்ப முடியாதுன்னு அந்தத் தொகுதியில ஒரு தீர்ப்பு இருக்கு. ஜட்ஜ் புத்தகத்தைக் கண்ணால பார்க்கணும்ங்கிறார்.”

கோர்ட்டுக்கு என்றால் புத்தகம் வெளியே போக விதி இடம் கொடுக்கும். நஸீமா எழுந்து போனார். வெறுங்கையோடு திரும்பினார். நேராக இருதயராஜின் மேஜைக்கு வந்தார்.

“சார், பதினாலு நேத்து நீங்கதானே பார்த்தீங்க?”

எழுந்து நாலு எட்டு வைத்தால் கப்பல் சட்டம். ஆனால் எழுந்தால், ஏன் அங்கே வைத்தீர்கள் என்ற கேள்வி வரும். வக்கீல் பார்ப்பார், ஹால் முழுக்கப் பார்க்கும். நஸீமா என்ன நினைப்பார்? அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் இருதயராஜுக்கு உடம்பு கூசுகிறது.

“வச்சிட்டேன் மேடம்.”

“சரி சார்.”

நஸீமா வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, முந்தின நாள் வந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்ய ஆரம்பித்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் தொகுதியை எடுத்து, ‘இதோ இங்கே கிடந்தது’ என்று நீட்டிவிடலாம் என்று இருதயராஜ் கணக்குப் போட்டார். பூங்கோதையோ ஒரு நாற்காலியை இழுத்து, கப்பல் சட்ட அலமாரிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டார். பதினொன்றே முக்காலுக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு வெறுங்கையோடு கிளம்பினார்.

அதன்பிறகு தொகுதி திடீரென்று முளைத்தால் சந்தேகம் வரும். மூன்று வாரம் அது கப்பல்களோடு கிடந்தது. புத்தகம் கிடைக்கவில்லை என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டார். அத்தியாயம் அது இல்லாமலே அச்சுக்குப் போனது.

மூன்றாவது ஞாயிறு, மனசு கேட்காமல் பேச்சியம்மாவின் தெருவைத் தேடிப் போனார். கரி படிந்த ஒரு சுவர் மட்டும் நின்றது. மற்றதெல்லாம் செங்கல் குவியல்.

“அவங்க மக ஊருக்குப் போயிட்டாங்க” என்றார் பக்கத்து சைக்கிள் கடைக்காரர். “சாப்பிட வந்தீங்களா சார்?”

இருதயராஜ் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை காலை தொகுதியைக் கொண்டுபோய் நஸீமாவின் மேஜையில் வைத்தார்.

“நான்தான் மேடம். கப்பல் சட்டத்துல ஒளிச்சு வச்சிருந்தேன். நீங்க கேட்டப்பவும் அங்கதான் இருந்துச்சு.”

நஸீமா துணியை எடுத்து அட்டையைத் துடைத்தார். திட்டவில்லை. திட்டித் தொலைத்தால் தேவலை என்று இருந்தது இருதயராஜுக்கு.

“அன்னைக்குப் பதினோரு பேருக்குப் போன் பண்ணினேன் சார். என்னைச் சந்தேகப்படுறீங்களான்னு ரெண்டு பேர் கோவிச்சுக்கிட்டாங்க. உங்களை மட்டும் நான் தேடலை.”

“வீட்டை இடிச்சுட்டாங்க மேடம். நேத்துப் போய்ப் பார்த்தேன்.”

“தெரியும்.”

“நான் இப்ப என்ன செய்யணும்?”

நஸீமா போனை அவர் பக்கம் நகர்த்தினார்.

“வக்கீலம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. கேஸ் இன்னும் இருக்கு.”

இருதயராஜ் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. “புத்தகத்தைக் கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போக நாளைக்கு லெட்டரோட வர்றேன். மனையாவது மிஞ்சுதான்னு பார்ப்போம்” என்று சொல்லிவிட்டுப் பூங்கோதை போனை வைத்தார்.

நஸீமா தொகுதியை அவரிடமே நீட்டினார்.

“கொண்டுபோய் அதோட இடத்துல வைங்க.”

“நானா?”

“நீங்கதான்.”

சமஸ்தான வரிசையில் இடமே இல்லை. பதின்மூன்றும் பதினைந்தும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, நடுவில் இருந்த இடைவெளி அடைபட்டுப் போயிருந்தது. அவர் இரண்டு கையாலும் அவற்றை நிமிர்த்தி, மெதுவாகப் பதினாலை உள்ளே தள்ளினார். முதுகில் இருந்த எண்ணை இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டார்.

திரும்பி வந்து மேஜைக்கு முன்னால் நின்றார்.

“வச்சிட்டேன் மேடம்.”

நஸீமா எழுதுவதை நிறுத்தினார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“எங்க சார்?”