மழை குடித்த புதர்

"அந்தச் செடிய வெட்டிப்போட உத்தரவு கொடுங்க, தாயே."

கேட்டவர் பேச்சிமுத்து. அறுபது வயது ஆட்டுக்காரர். மகனைப் பறிகொடுத்த பிறகு, பாலைவன ஓரத்து ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர். குரு குழல்மொழி அவரைவிட வெகு இளையவள்.

"எந்தச் செடி?"

"மாசாணம் செத்துக் கிடந்த எடத்துல நிக்குதே, அது."

காணாமல் போன ஆட்டைத் தேடிக் கோடையில் போனவன் அவர் மகன் மாசாணம். கையிலிருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஒரு புதரடியில் தலைசாய்த்துக் கிடந்தான். அப்போது அதில் ஓர் இலைகூட இல்லை.

அவனைப் புதைத்த மறுவாரம் மழை பெய்தது.

"இப்பப் போய்ப் பாத்தேன். செடி முழுக்க மஞ்சப் பூ. குட்டிக் குட்டி சூரியகாந்தி மாதிரி. எம்புள்ளைக்கு ஒரு வாய் கிடைக்கல. அது வயிறு முட்டக் குடிச்சிட்டுச் சிரிக்குது."

குழல்மொழி உள்ளே போய் அரிவாளோடு வந்தாள்.

"வாங்க, பெரியவரே."

புதர் இடுப்பளவுதான். சாம்பல் பூசியது போன்ற இலைகள். கிளைகள் தொட்டதும் முறிந்தன. அரிவாளை வாங்கி வெட்டிய பேச்சிமுத்துவின் கையெல்லாம் பிசின். தூரையும் விடாமல் தோண்டி எறிந்தார்.

"மனசு ஆறிச்சா?"

"இல்ல."

அவர் கையிலிருந்து அரிவாளை வாங்கி, அவள் அடுத்த புதரை வெட்டத் தொடங்கினாள்.

அது சாய்ந்தது. அடுத்ததற்குப் போனாள். பிறகு அதற்கடுத்தது. வெயில் ஏறியது. உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து அரிவாள் பிடியில் ரத்தம் வழிந்தது. அவள் நிமிரவில்லை.

"என்ன தாயே செய்றீங்க?"

"வெட்டுறேன்."

"இதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

"எல்லாம் அதே மழையக் குடிச்சதுதானே."

பேச்சிமுத்து தலை தூக்கிப் பார்த்தார். மணல்மேடுகளுக்கு அப்பால், கண் போகும் தூரம்வரை மஞ்சள்.

ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதும் தாயே! எத்தன வெட்டினாலும் எம்புள்ள வரமாட்டான்!"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

பிடி தளர்ந்தது. வெட்டிப்போட்ட பூக்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

குழல்மொழி அரிவாளைக் கீழே போட்டாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வரமாட்டான், ஐயா" என்றாள்.