சொட்டு நின்ற நாள்

ஊர் ஊராய்ப் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பவன் குழந்தைவேல். திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டியில் ஏறிச் சத்தீஸ்கர் பக்கம் போனால், வீடு திரும்ப எட்டு மாதம் ஆகும். அப்பேர்ப்பட்டவன் வீட்டுச் சமையலறையில் குழாய் ஒழுகியது. நமக்குச் சிரிப்பு வரலாம். அவன் மனைவி கோகிலாவுக்கு வரவில்லை. ஆளில்லாத வீட்டில் அந்தச் சொட்டுச் சத்தம் அவளை என்னவோ செய்தது.

குழாய் வேலையும் தெரிந்த கொத்தனார் மாதையனை அழைத்தாள். "இது ஒழுகாம இருந்தாப் போதுமுங்ண்ணா" என்றாள். பத்து மணிக்குள் புதுக் குழாய் மாட்டியாயிற்று, சொட்டு நின்றது. ஆனால் பழையதைக் கழற்றும்போது இரண்டு டைல்ஸ் உடைந்தன. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது அங்கேதான்.

போனில் சேதி கேட்ட குழந்தைவேல், "எல்லா டைல்ஸையும் மாத்திப்போடு" என்றான். பெயர்த்தால், பக்கத்துச் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. சுவரை இடித்ததும், இடித்ததோடு சமையலறையைப் பெரிதாக்கிவிடலாம் என்றான். பெரிதாக்கியதும், மேலே ஒரு மாடி எடுத்துவிடலாம் என்றான். ஒவ்வொன்றுக்கும் கோகிலா "சரிங்க" என்றாள். ஒவ்வொரு "சரிங்க"வுக்கும் பணம் சேர்க்க அவன் இன்னொரு நடை வண்டி ஏறினான்.

"வீட்டு வேலை முடியட்டும். வந்து பால் காய்ச்சிட்டு உங்கூடவே இருந்துக்கறேன்" என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் ஏங்கிக் கிடந்தாள். வீடு வளர வளர, அந்த நாள் தள்ளித் தள்ளிப் போனது.

ஒருநாள் மாதையனிடம் சொன்னாள்: "எனக்கெதுக்குங்ண்ணா மாடி? லாரிக்கடியில படுத்துப் படுத்து, அவருக்குத்தான் ஒரு ரூம்பு வேணும்னு ஆசை."

அதே மாதையனிடம் போனில் குழந்தைவேல் சொன்னான்: "எனக்கொரு பாய் போதுமுங்க கொத்தனாரே. அவளுக்குத்தான் மாடிவீட்டு ஆசை."

மாதையன் இரண்டையும் கேட்டுக்கொண்டார். ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்லவில்லை. நடக்கிற வேலையை நிறுத்தும் பேச்சை எந்தக் கொத்தனார் பேசுவார்?

மூன்றாம் வருஷம், மாடிக்குத் தூண் எழும்பிய வாரம், கோகிலா போன் செய்தாள்.

"வேலை முடிஞ்சிருச்சுங்க. வந்துருங்க."

குழந்தைவேல் வண்டி வேலையை விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்கினான். மேலே கூரை இல்லை. ஏறப் படி இல்லை. தூண்களின் தலையில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"முடிஞ்சிருச்சுன்னு சொன்னியே?"

கோகிலா அடுப்பில் பாலை வைத்தாள்.

புதிர் இதுதான். அவளுக்காக என்று அவளைக் கேட்காமலே வீட்டை வளர்த்தான் குழந்தைவேல். இருவர் மனமும் தெரிந்தும் வாய் திறக்கவில்லை மாதையன். முடியாத வேலையை முடிந்தது என்றாள் கோகிலா. இதில் யார் செய்தது சரி?

விடை: கோகிலா செய்ததே சரி. அவள் பொய் சொல்லவும் இல்லை. அவள் கேட்டது ஒரே வேலை. அது முதல் நாள் பத்து மணிக்கே முடிந்துவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்ல மூன்று வருஷம் எடுத்துக்கொண்டாளே, அதுதான் அவள் பிழை. ஆசையைத் தானே ஊகித்துக்கொண்டது குழந்தைவேலின் பிழை. ஒரு வார்த்தையில் இருவரையும் சேர்த்துவைத்திருக்கக்கூடிய மாதையனை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. மாடிக்கு இன்னும் கூரை போடவில்லை. ஏணி வைத்து ஏறி, அந்தக் கம்பிகளில் கொடி கட்டி, அவன் சட்டைகளைக் காயப்போடுகிறாள் கோகிலா.