விரல் விரிந்த கை

கைச்சைகை பார்த்துப் பரிமாறும் ரோபோவோடு கல்யாண மண்டபத்துக்கு வந்தார் இன்ஜினியர் நீலமேகம். அங்கே பந்தி பரிமாறுபவரான சங்கிலியை அதட்டினார்.

"என் மெஷின் தப்பாப் புரிஞ்சுக்கிற கை ஒண்ணைக் காட்டுய்யா. இல்லேன்னா நாளையிலேருந்து உனக்கு இங்க வேலை இல்ல."

"அதுக்கென்ன சார், மொதல்ல சாப்பிட உட்காருங்க."

பாயசம் வந்தது. மரியாதைக்காக நீலமேகம் இலையைக் கையால் மறைத்தார். ரோபோ அடுத்த இலைக்குப் போய்விட்டது. மனுஷன் முகம் தொங்கிப்போனது. பின்னாலேயே வாளியோடு வந்த சங்கிலி இரண்டு கரண்டி ஊற்றினார்.

"போதும்னுதானேய்யா காட்டினேன்?"

"கை போதும்னுச்சு சார். விரல் விரிஞ்சிருந்துச்சே!"

வழித்துச் சாப்பிட்ட நீலமேகம் எச்சில் கையோடு கும்பிட்டார். "உன் வேலை உனக்குத்தான். ரொம்ப நன்றிய்யா."

கண் மட்டும் வாளியிலேயே இருந்தது. சங்கிலி இன்னொரு கரண்டி ஊற்றினார்.